மேல்வீட்டுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

வாசலில் நின்ற இளைஞரின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கையில் ஒரு சின்னத் திரை. மழை அங்கியின் தோள்களில், லண்டனின் சட்டன் பகுதி மழை பொட்டுப் பொட்டாக நின்றது. நான் குசினியிலிருந்து ஓடிவந்த கோலத்திலேயே கதவைத் திறந்திருந்தேன். இடது கையில் பாதி துப்புரவாக்கிய நண்டு.

அவர் நண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அழைப்பு மணிகளையும் பார்த்தார்.

"தொலைக்காட்சி லைசென்ஸ் விஷயமாக வந்திருக்கிறேன் மேடம். இந்தக் கட்டடத்தில் எத்தனை குடித்தனம்?" என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார்.

ஜெர்மனியில் மொழிச் சோதனை எழுதியவள் நான். இங்கே வந்து வாகனச் சோதனையும் எழுதி, வட்டச் சந்தியில் யாருக்கு முன்னுரிமை என்பதற்குச் சரியாகப் பதில் சொன்னவள். இந்த ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இங்கே டிவி பார்க்க ஒவ்வொரு குடித்தனமும் வருடா வருடம் காசு கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒன்று என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். இரண்டு என்று சொன்னால் மேல்மாடியில் இருப்பவர் மாட்டிக்கொள்வார்.

"கொஞ்சம் பொறுங்கள், அடுப்பில் நண்டுக்கறி" என்றேன்.

நண்டு என் கையில்தான் இருந்தது. அதை அவரும் கண்டுகொண்டார். ஆனால் நல்ல வளர்ப்பு; ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு கதவு, இரண்டு மணி

அந்த இளைஞர் வாசலில் நிற்கட்டும். எங்கள் வீட்டுக்கு ஏன் இரண்டு மணி என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

என் கணவர் ரவீந்திரன். குழாய் வேலைக்காரர், ஜெர்மனியில் முறையாகப் படித்துப் பழகியவர். அவருடைய தமையன் மகேந்திரன், எனக்கு அத்தான் முறை. அவர் நேரே லண்டனுக்கு வந்தவர். நாங்கள் ஜெர்மனியில் இருந்தபோது கிழமைக்கொருமுறை தொலைபேசியில் கூப்பிடுவார். "அங்கை என்னத்துக்குக் கிடந்து காயிறியள்? இஞ்சை வாங்கோ, ஒண்டா ஒரு வீடு வாங்குவம்" என்பார். கடைசியில் வந்தோம். வாங்கினோம். சட்டனில், ரயில் சத்தம் கேட்கும் தெருவில், மூன்று அறை மேலே, இரண்டு அறை கீழே.

சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு அத்தானின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மண்டபத்தில் விருந்தினருக்கு மேசை இலக்கம் போட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த மேசை கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. என் கணவர் பெண்ணின் சித்தப்பா. போகிறவர் வருகிறவர் எல்லாம் அவருடைய கதிரையில் இடித்துவிட்டு, ஈரக் கையோடு "சொறி" சொன்னார்கள். அவர் ஐஸ்கிரீம் வரும்வரை பொறுத்தார். ஐஸ்கிரீம் எங்கள் மேசைக்கு வரவேயில்லை.

அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள்.

வீட்டை விற்க இரண்டு பேருக்கும் மனமில்லை. ஆகவே அத்தான் மாடிப்படியின் உச்சியில் ஒட்டுப்பலகையில் ஒரு கதவு போட்டார். தெருக்கதவில் இரண்டாவது மணி பூட்டினார். அதன் கீழே எங்கள் வீட்டு இலக்கத்தோடு ஓர் 'ஏ' எழுத்தைச் சேர்த்துப் பித்தளைத் தகடு அடித்தார். அந்த முகவரியைக் கண்ட கண்ட இடமெல்லாம் கொடுத்தார். குப்பைத் தொட்டி இன்னொன்று வேண்டும் என்று கவுன்சிலுக்கு எழுதினார். தொட்டி வந்த நாளில் அதைத் தெருவில் உருட்டிக்கொண்டு வந்த நடையைப் பார்க்க வேண்டும். தனிநாடு கிடைத்தது மாதிரி.

மேலே தனிக் குசினியும் கட்டுவதாகத் திட்டம். பாத்திரம் கழுவும் தொட்டியும் குழாயும் வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்தார். அதைப் பூட்ட ஒரு குழாய் வேலைக்காரர் தேவை. குடும்பத்திலேயே நல்ல குழாய் வேலைக்காரர் ஒருவர் இருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். அவரைக் கூப்பிடுவதானால் அவரோடு பேச வேண்டும். பெட்டி பிரிக்காமலே கிடந்தது.

ஜெர்மனிக்காரி

தொலைக்காட்சி லைசென்ஸ் பற்றி ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாங்கள் புறப்படும் காலத்தில் அங்கே டிவி இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. வீடு இருக்கிறதா, கட்டு. சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று சொன்னாலும் கட்டு.

அந்தப் பழக்கத்தில், சட்டனுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை லைசென்ஸ் எடுத்தது. டிவி அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது நாங்கள் எல்லாரும் பேச்சுவார்த்தையில் இருந்த காலம். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உலகத்திலேயே டிவி இல்லாமல் லைசென்ஸ் வைச்சிருக்கிற ஒரே ஆள் நீர்தான், வசந்தி."

நான் எழுதும் இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர், நீங்கள் உங்கள் வீட்டு ஆண்களை மட்டும்தான் கேலி செய்கிறீர்கள் என்று குறைப்பட்டிருந்தார். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். அந்த லைசென்ஸை நான் சட்டம் போட்டு மாட்டாத குறை. வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கும்போதே அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன்.

வீடு பிரிந்த பிறகு, தகட்டில் இருந்த அந்த 'ஏ' தன் வேலையைக் காட்டியது. எங்கேயோ ஒரு கணினி அந்த முகவரியைக் கண்டுபிடித்து, இங்கே லைசென்ஸ் இல்லை என்றும் சொல்லிவிட்டது. மேல்வீட்டுக்கு அறிவித்தல்கள் வரத் தொடங்கின. முதலில் அன்பாக. பிறகு சிவப்பு எழுத்தில்.

விக்கெட் எப்போது விழுந்தது?

கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடி அத்தான் ஆலோசனை கேட்டார். ஒருவர், டிவியைச் சீலையால் மூடி வை, மூடிய டிவி டிவியில்லை என்றார். இன்னொருவர், கதவைத் திறக்காதே, யன்னலால் கதை, பேசியே அனுப்பு என்றார். மூன்றாமவர், வீட்டை மகள் பேரில் எழுது என்றார். அவர் பல்வலிக்கும் அதையேதான் சொல்வார்.

சரியான பதில் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு முருகேசன் மட்டும்தான். கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் கணினி வேலை. வேலிக்கு மேலாக அத்தானுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"டிவி வச்சிருக்கறது பிரச்சினையே இல்லீங்க. படம் போட்டுப் பாக்கலாம், பழைய நிகழ்ச்சி எடுத்துப் பாக்கலாம். ஆனா எந்த சேனலா இருந்தாலும், ஓடிட்டிருக்கும்போதே பாத்தீங்கன்னா லைசென்ஸ் வேணும். அரசு ஒளிபரப்போட நிகழ்ச்சியை இணையத்துல அப்புறமா பாத்தாலும் வேணும்."

"நான் பாக்கிறது சென்னை சேனல். இஞ்சத்தைச் சேனல் இல்லை."

"எந்த ஊரா இருந்தாலும் அதேதாங்க. ஃபோன்ல பாத்தாலும் அதேதான்."

"ஆனா நான் லைவாப் பாக்கேல்லையே" என்றார் அத்தான்.

இதை அவர் சொல்லக் காரணம் இருந்தது. கீழே எங்களுக்குக் கூரையில் டிஷ் இருக்கிறது. மேலே அவர் ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் வாங்கிய ஒரு கறுப்புப் பெட்டி மூலம் இணையத்தில் பார்க்கிறார். அந்தப் பெட்டி எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இலங்கை கிரிக்கெட் ஆடும் நாட்களில் கீழே என் கணவர் "அவுட்!" என்று கத்துவார். மேலே அத்தானின் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்கியிருப்பார். விக்கெட் விழப்போவதைத் தெரிந்துகொண்டே அதைப் பார்க்க வேண்டும். அத்தான் காலால் தரையில் ஓங்கி உதைப்பார். எங்கள் கூரை அதிரும். என் கணவரின் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவும். பேசாமல் இருந்த அந்தக் காலத்தில் அண்ணனும் தம்பியும் கொண்டிருந்த ஒரே தொடர்பு அதுதான்.

"அவன் கீழை கத்தினாப் பிறகுதான் எனக்கு விக்கெட் விழும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு பாக்கிறது எப்பிடி ஐயா லைவ்?" என்று அத்தான் முருகேசனை மடக்கினார்.

முருகேசன், "அதுக்குப் பேரு பஃபரிங்குங்க" என்றார். பிறகு வேலிக்கு மேலே தெரிந்த அவர் தலை மெதுவாகக் கீழே இறங்கிப்போனது.

அதற்கும் மேலாக அத்தானிடம் இன்னொரு வாதம் இருந்தது. "ஒரு வீட்டுக்கு ஒரு லைசென்ஸ் காணும். இது ஒரு வீடு. கீழை இருக்கிற லைசென்ஸ் எனக்கும் சேரும்." ஆகக் குப்பைக்கு இரண்டு வீடு, கிரிக்கெட்டுக்கு ஒரு வீடு. இந்தச் செய்தியை அவர் மனைவி பத்மா அக்கா என்னிடம் கொண்டுவந்தா. நான் என் கணவரிடம் கொண்டுபோனேன்.

"ஒட்டுப்பலகைக் கதவு போட்டவருக்கு என்ர லைசென்ஸில என்ன பங்கு?" என்றார் என் கணவர்.

லைசென்ஸ் என் பெயரில் இருந்தது. அதை நான் அப்போது சொல்லவில்லை.

கழுத்தில் அட்டை

இப்போது வாசலுக்கு வருவோம்.

நான் நண்டை வைத்துவிட்டுக் கைகழுவி வருவதற்குள் அந்த இளைஞர் இரண்டாவது மணியை அழுத்திவிட்டார். ஒட்டுப்பலகைக் கதவு திறந்து அத்தான் படியிறங்கி வந்தார்.

அத்தான் ஆறடி உயரம். பெற்றோல் ஷெட்டில் பொறுப்பாளர். கள்ளனைத் துரத்திப் பிடித்த கதை ஒன்று வைத்திருக்கிறார். லைசென்ஸ்காரன் வந்தால் என்ன சொல்வதென்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியவர். 'வாரண்ட் இல்லையெண்டால் உள்ளுக்கு வர ஏலாது' என்பதை ஆங்கிலத்தில் பல விதமாகச் சொல்லிப் பார்ப்பது எங்கள் கூரை வழியாகவே கேட்கும்.

படியின் பாதியில் அவர் கண்ணில் அந்தக் கழுத்து அட்டை பட்டது.

குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகக் கட்டடத்துக்கு அலைந்தவர்களுக்குத்தான் இது விளங்கும். அத்தானின் அகதி வழக்கு பல வருடம் இழுத்தது. கழுத்தில் அட்டை போட்டவர் கேட்பார், இவர் சொல்வார். அடுத்த தடவை இன்னொருவர் அதையே திருப்பிக் கேட்பார். ஒரு சொல் மாறினால் எல்லாம் போச்சு. அந்தக் காலத்தைப் பற்றி அவர் எங்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வாங்கோ சேர். உள்ளுக்கு வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மேலே கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். பத்மா அக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி சுவரோடு நின்றா. டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்ட வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்கள் பெயர், சேர்?"

அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முழுப் பெயரைச் சொன்னார். கேட்காமலே தகப்பன் பெயரைச் சொன்னார். பிறந்த திகதி, பிறந்த இடம், எந்த நாட்டு விமான நிலையத்தில் எத்தனை நாள் படுத்திருந்தார், அங்கிருந்து எப்படி வந்தார். வரிசை மாறாமல், நிறுத்தாமல், ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனார்.

"சேர், சேர்... எனக்குத் தொலைக்காட்சியைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதும்" என்றார் அந்தப் பிள்ளை பதறிப்போய்.

"நான் உண்மைதான் சொல்லுறன் சேர்" என்றார் அத்தான்.

எனக்குப் பின்னால் குழாய் வேலை ஆயுதப் பெட்டியை நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது. என் கணவர். வேலை முடிந்து வந்தவர், தெருக்கதவு திறந்து கிடப்பதைக் கண்டு மேலே வந்திருக்கிறார். ஒட்டுப்பலகைக் கதவைத் தாண்டாமல், அதன் அந்தப் பக்கத்திலேயே நின்றார். தமையனின் பின்னால் கட்டிய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

இளைஞர் அவர் பக்கம் திரும்பினார். "கீழே இருப்பவர் நீங்களா? இவர் உங்கள் குடித்தனத்தைச் சேர்ந்தவரா?"

 இத்தனை வருடமும் அவர் காத்திருந்த சந்தர்ப்பம் இது. இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"இவர் என்ர அண்ணை" என்றார் என் கணவர்.

"அது நான் கேட்ட கேள்வியில்லை, சேர்."

 அந்த இளைஞர் பெருமூச்சு விட்டுச் சுற்றிலும் பார்த்தார். பிரிக்காத குழாய்ப் பெட்டியைப் பார்த்தார். மூலையில் ஒரு மின்அடுப்பு இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் ரோசாப்பூ வைத்த சாடி.

அவர் பத்மா அக்காவிடம் போனார். "நீங்கள் எங்கே சமைக்கிறீர்கள், மேடம்?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் அந்தப் பிளாஸ்டிக் பூவைப் பார்த்தேன்.

அந்த மின்அடுப்பு வந்த கிழமையே வீட்டின் மின்சாரத்தை அடித்துப் போட்டுவிட்டது. அடுத்த நாள், இரண்டு ஆண்களும் வேலைக்குப் போன பிறகு, அக்கா அரிசியோடு கீழே வந்தா. அன்றிலிருந்து ஒரு சட்டியில்தான் சமையல். ஒரு நாள் நான், ஒரு நாள் அக்கா. பாதி மேலே போகும், பாதி கீழே நிற்கும். அத்தான் மேலே இருந்து, "கீழை என்னவோ காய்ச்சினம். எங்கட கறியின்ர மணத்துக்குக் கிட்டவும் வராது" என்பார். என் கணவர் பத்மா அக்காவின் நண்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, "உம்மட கை ஒரு தனிக் கைதான்" என்று எனக்குச் சொல்வார். நாங்கள் இரண்டு பேரும் யாருக்கும் பொய் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அரசாங்கமே கேட்டுவிட்டது.

அக்காவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து ஒன்றும் மறைக்க முடியாது.

"டவுன்" என்றா, விரலைக் கீழே காட்டி. "சிஸ்டர். சேம் சட்டி."

"எப்போதுமா?"

"எவ்ரிடே."

 இளைஞரின் முகம் தெளிந்தது. காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். தனிக் குசினி இல்லை, தெருக்கதவும் ஒன்று, சமையலும் ஒன்று. தன் கணக்கில் இது ஒரு குடித்தனம், கீழே உள்ள லைசென்ஸே மேலுக்கும் சேரும் என்றார். சின்னத் திரையில் எதையோ தட்டினார். "பித்தளைத் தகட்டைக் கழற்றினால் நல்லது. கணினி குழம்புகிறது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அத்தான் வழக்கில் வென்றுவிட்டார். அவரைப் போலத் தோற்ற முகத்தோடு வென்ற ஒருவரை நான் கண்டதில்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம்

அன்று அவர் நண்டுக்கறியைத் தொடவில்லை. இரண்டு வருடமோ மூன்று வருடமோ தம்பி வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுகொண்டு தம்பியைத் திட்டியிருக்கிறேன் என்ற அவமானம். அடுத்த நாள் ஷெட்டில் விற்கும் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து மேலே இருந்து சாப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

கீழே என் கணவருக்கு வேறு நோவு.

"நான் இவ்வளவு நாளும் நல்லாயிருக்கு எண்டு சொன்ன கறியெல்லாம் ஆற்றை கறி?"

"பாதி என்ரை. பாதி அக்காவின்ரை."

"எந்தப் பாதி நல்லாயிருந்தது?"

"அதை நீங்கள்தான் சொல்ல வேணும். சாப்பிட்டது நீங்கள்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். ஆனால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மிச்சத்தையும் சாப்பிட்டார். அதுதான் அண்ணனுக்கும் தம்பிக்கும் உள்ள வித்தியாசம்.

மூன்றாம் நாள் பின்னேரம் பத்மா அக்கா குசினியில் நின்று அழுதா. "பாணையும் பழத்தையும் திண்டுபோட்டு சீனி வருத்தக்காரன், மருந்து போடுற ஆள், ஷிப்டுக்குப் போறார். நான் சொன்னாக் கேக்கிறாரில்லை."

என் கணவர் மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பினார். கழுவி வைத்திருந்த சாப்பாட்டுக் கோப்பை ஒன்றை எடுத்தார். புட்டை அள்ளி வைத்தார். கறியை ஊற்றினார். எது அண்ணனுக்குப் பிடித்த துண்டு என்று சட்டிக்குள் கரண்டியால் தேடி எடுத்தார். யார் சமைத்தது என்று கேட்கவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் படியடியில் போய் நின்றோம். அவர் மேலே ஏறி, ஒட்டுப்பலகைக் கதவை முழங்கையால் தள்ளினார். அது பூட்டியிருக்கவில்லை.

"அண்ணை."

 டிவிச் சத்தம் குறைந்தது.

"சாப்பாடு கொண்டந்தனான்."

"எனக்கு வேண்டாம். உன்ர வீட்டுச் சாப்பாடு."

"என்ர வீடில்லை. வந்த பெடியன் எழுதிக்கொண்டு போட்டான், ஒரு வீடெண்டு."

"அவன் எழுதினதை விடு."

"எப்பிடி விடுறது? அரசாங்கம் சொன்னது. சாப்பிடு அண்ணை. லைசென்ஸ் இருக்கு."

 அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் சதைக்குள் இறங்கியது. பிறகு கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. கதிரை இழுபடும் சத்தம். அதற்குப் பிறகு அத்தானின் குரல், வாய் நிறையப் புட்டோடு.

"அந்த மேசையை உனக்குப் போட்டது நானில்லை. தெரியுமோ உனக்கு?"

"பின்னை ஆர் போட்டது?"

"நான் போட்டனெண்டே நீ இவ்வளவு நாளும் நினைச்சனி?"

"நினைக்காமல்? உன்ர மகளின்ர கல்யாணம்!"

"அப்ப வந்து கேட்டிருக்கலாமே, மடையா!"

"நீ வந்து சொல்லியிருக்கலாமே!"

குரல்கள் ஏறின. ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டில் முருகேசன் யன்னலைத் திறப்பது கேட்டது. நான் பயந்துபோய் முதல் படியில் கால் வைத்தேன்.

"அக்கா, சண்டை பிடிக்கினம். வாங்கோ, போய் விலக்குவம்."

பத்மா அக்கா என்னைப் பின்னால் இழுத்தா. மேலே நிமிர்ந்து பார்த்தபடி, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

"விடும் வசந்தி" என்றா. "கதைக்கினம்."